முதுகைக் காட்டிப் படம் பார்க்கிறவர்

நான் குடியிருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் சினிமாதான். சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, வீட்டுக்கார அக்கா முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"ஏங் கண்ணு, இன்னைக்கு என்ன படம்?"

நான் மலைமேல் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர். கணவரும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மலையிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போகாத ஞாயிறுகளில் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் அதற்கப்புறம் எனக்கு வேலை எதுவும் கிடையாது. அக்கா வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவர்கள் மகன் வாங்கிக் கொடுத்தது. என்னிடம் செல்போனும், சினிமாப் பார்க்கிற ஆப்புகளும், அவற்றுக்கு என் மகள் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டும் இருந்தன. இப்படித்தான் நாங்கள் கூட்டுச் சேர்ந்தோம்.

டிவிக்குப் படத்தை அனுப்பும் என் போனை ஜன்னல் விளிம்பில் ஓர் இடத்தில் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து விரல் அளவு நகர்ந்தாலும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அக்காவுக்கு அதில் எந்த வருத்தமும் கிடையாது. வட்டம் சுற்றும்போது போய் அடுப்பில் இருப்பதைக் கிளறிவிட்டு வருவார்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மிளகு, குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சாமை, கொல்லையில் நாலைந்து பலா என்று வைத்திருக்கும் விவசாயி. அவரும் எங்களோடு எல்லாப் படத்துக்கும் இருப்பார். ஆனால் டிவியைப் பார்க்கமாட்டார். வாசற்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்து, முறத்தில் மிளகுக் கதிரைப் போட்டு உதிர்த்துக்கொண்டிருப்பார். களத்தில் காயும் மிளகைக் கோழி சீய்க்காமல் பார்க்கவேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளவேண்டும். அதனால் முகம் அந்தப் பக்கம், காது மட்டும் இந்தப் பக்கம்.

முதலில் நான் அவருக்குப் படத்தில் ஆர்வமில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு துப்பறியும் படம் பார்த்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஒரு பங்களாவில் பணக்காரக் கிழவரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். வீட்டிலிருக்கும் எல்லாரையும் போலீஸ் விசாரிக்கிறது. பாதிப் படத்தில் அண்ணன் திரும்பாமலே சொன்னார்.

"அந்த டாக்டருதான் கொன்னது. அவன் கொரலே செரியில்ல."

கடைசியில் கொன்றது தோட்டக்காரன். அவன் வாய் பேசாதவன். படம் முழுக்க ஒரு மூலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருந்தான். நானும் அக்காவும் கைதட்டினோம். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசாதவன எப்பிடிங்க அம்மிணி கண்டுபுடிக்கறது? இது போங்காட்டம்."

எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, எல்லாரும் உட்கார்ந்து பேசியே சந்தேகத்தைக் கிளப்பினார்கள். அக்காவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. செத்துப்போன கிழவர் மேல் ஒருத்தருக்குக்கூடப் பாசமில்லை என்பது அவருடைய குறை. "பொணத்த நடு ஊட்ல வெச்சுக்கிட்டுக் காப்பி குடிக்கறாங்க பாரு" என்றார்.

அக்கா எந்தப் படத்தையும் இப்படித்தான் பார்ப்பார். படத்தில் வருகிறவர்களைச் சொந்தக்காரர்களைப் போலத் திட்டுவார், அவர்களுக்குப் புத்திமதி சொல்லுவார். கதாநாயகி மழையில் நனைந்துகொண்டு பாடினால், "சளி புடிக்குமுல்ல, உள்ள போ சாமி" என்பார். எனக்கோ படம் எடுத்தவர்கள் மேல்தான் கண். எந்த இடத்தில் ஏமாற்றுகிறார்கள், எங்கே இசையைக் கூட்டி அழவைக்கப் பார்க்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பேன். அதிலும் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஊசி போடுகிறவர் கையைப் பிடிக்கும் விதத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு பெரிய நடிகரின் அடிதடிப் படம். காலேஜில் படிக்கும்போதே எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போது தாடி நரைத்திருந்தும் ஆடும்போது அந்தத் தோள் அசைவு அப்படியே இருக்கிறது. பாட்டு முடிந்ததும் அவர் வெட்ட ஆரம்பித்தார். வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு காயத்துக்கும் எத்தனை தையல் போடவேண்டியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அக்கா கேட்டார்.

"இத்தன பேரு செத்தாங்களே, ஒருத்தன் ஊட்லயாச்சும் ஒப்பாரி சத்தம் கேட்டுச்சா?"

வாசற்படியிலிருந்து அண்ணன் சொன்னார். "நான் ரெண்டு மொறம் உதுத்துட்டேன். இன்னும் அவன் அடிச்சு முடியல."

இதற்கு நேர்மாறாக, மலையாளத்திலிருந்து தமிழ் பேசவைத்த ஒரு சின்னப் படம். மழையில் ஒரு சுற்றுச்சுவர் விழுந்துவிடுகிறது. யார் கட்டிக்கொடுப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். மொத்தப் படமும் அவ்வளவுதான். நான் உருகிப்போனேன். அந்த இரண்டு நடிகர்களும் சும்மா செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அத்தனை அழகு. அக்கா பாதியில், "இதுல கதை எப்பக் கண்ணு வரும்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அண்ணன் மட்டும் மிளகை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதுதான் நியாயம் என்று முடிவுகட்டிவிட்டார். சாயங்காலம் வரைக்கும் அந்த ஆளுக்காக என்னிடம் வாதாடினார்.

எங்களுக்குள் கொஞ்சம் உரசல் வந்தது ஒரே ஒரு படத்துக்குத்தான். அது மலைக்கிராமத்துக் கதை. பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், கள்ளம் கபடமில்லாத மலைமக்களைக் காப்பாற்றுகிறார். அவர்கள் முகத்திலெல்லாம் கரியைப் பூசியிருந்தார்கள். எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழைப் பேசினார்கள். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, என்ன நினைப்பாரோ என்று நெளிந்துகொண்டிருந்தேன். படம் முடிந்ததும், "ரொம்ப மட்டமான படங்க்கா. இவங்கள யாரு இப்படி எடுக்கச் சொன்னது?" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, நல்லாத்தான இருந்துது. அந்த டாக்டரு அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரே, அதப் பாத்தீல்ல?"

"அக்கா, இங்க யாராவது அப்படிப் பேசறாங்களா? அப்படித் துணி கட்டறாங்களா?"

"அவங்க நம்மூரு ஆளுங்க இல்ல. சினிமாக்காரங்க. அவங்க எப்பிடியோ கட்டிக்கட்டும். புள்ள பொழைச்சுதா இல்லியா?"

அண்ணன் நடுவில் புகுந்தார். "மழச் சத்தம் தப்பு. தகரத்துல பேயற மழ."

"படத்துல கூரை ஊடுங்க" என்றார் அக்கா.

"அப்பத் தப்புத்தான?"

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு என் கருத்தில் இன்றைக்கும் மாற்றமில்லை. அது மட்டமான படம்தான். ஆனால் அக்கா அழுததைப் பார்த்தபிறகு அதை அவரிடம் திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சாமைச் சோறு கொடுத்தார், சாப்பிட்டேன், அத்தோடு முடிந்தது.

தியேட்டருக்குப் போன கதைக்கு வருகிறேன்.

அண்ணன் தண்ணி மோட்டாருக்கு ஏதோ வாங்க ராசிபுரம் போகவேண்டியிருந்தது. எனக்கு அன்றைக்கு விடுமுறை. வயதானவர்களின் காதலைப் பற்றி ஒரு படம் வந்திருந்தது. அதன் பாட்டை என் போனில் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு மனப்பாடமாகிவிட்டது. "நானும் வாரேன். அந்தப் படத்தப் பாத்துட்டு வந்துரலாம்" என்று கிளம்பிவிட்டார். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒருமுறை தியேட்டருக்குப் போனதோடு சரி. மகன் பிறந்தபிறகு போகவே இல்லையாம்.

முள்ளுக்குறிச்சி வழியாக பஸ்ஸில் மலையிறங்கினோம். வளைவுகளில் தலை சுற்றாமல் இருக்க அக்கா ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டார். அடிக்கொருதரம் அதை அண்ணனிடமும் நீட்டினார். அவரும் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மோட்டார் சாமான் வாங்கி முடித்து, தியேட்டருக்குள் போய் உட்காரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு உட்கார்ந்த இடம் ஒத்துவரவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்தார், கதவைப் பார்த்தார், பின்னால் இருக்கிறவர்களைப் பார்த்தார். முதுகைக் காட்டி உட்கார வழியில்லை. விளக்கை அணைத்துத் திரை வெளிச்சமானதும் என் பக்கம் சாய்ந்து, "இத்தாம் பெருசாவா இருக்கும்?" என்று கேட்டார்.

படத்தின் கதை இதுதான். ரிட்டையரான ஒரு பஸ் கண்டக்டர், மனைவிக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். இளவயதில் அவர் ஆசைப்பட்ட பெண், இப்போது தலை நரைத்தவர், தன் கணவரை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஒரு பிளாஸ்க் டீயைப் பங்குபோட்டுக் குடிக்கிறார்கள். பழைய கதையை ஒரு வார்த்தை பேசுவதில்லை. என் கருத்து, முதல் பாதி தங்கம். இரண்டாம் பாதியில் வயலின் தொல்லை தாங்கவில்லை. அத்தனை சுத்தமான, அத்தனை ஆளில்லாத வராந்தா எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஆரம்பத்திலிருந்தே அந்தப் பெண்ணோடு ஒத்துப்போகவில்லை. "உள்ள படுத்திருக்கறவ என்ன பாவம் பண்ணா?" என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பெண்ணின் கணவர் குணமாகி, இருவரும் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். கண்டக்டர் வாசலில் நிற்கிறார். திரை முழுக்க அவர் முகம்.

அப்போது எனக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்ணன் தேம்பிக்கொண்டிருந்தார். துண்டை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் தோள் குலுங்கியது. முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா படத்தை விட்டுவிட்டார். மீதிப் படம் முழுக்கக் கணவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என்னோடு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் முன் சீட்டில் தனியாக இருந்தார். மலை ஏறத் தொடங்கியதும் அவர் பின்னால் கையை நீட்டினார், எலுமிச்சம்பழத்துக்காக. அக்கா கொடுக்கவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போய்விட்டது.

"எங்கம்மா செத்தப்பக்கூட இந்த மனுசன் அழுவுல கண்ணு" என்றார் என்னிடம். "கல்லு மாதிரி நின்னாரு. இன்னைக்கு எவளுக்காக அழுதாரு?"

"படந்தானக்கா. எல்லாருக்கும் வர்றதுதான்."

"உனக்கு வந்துச்சா?"

எனக்கு வரவில்லை. எந்த ஊர் வந்திருக்கிறது என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அக்கா நேராகவே கேட்டுவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏனுங்க, யார நெனச்சு அழுதீங்க?"

"யாரையும் நெனைக்கல."

"நெனைக்காமத்தான் அப்பிடித் தண்ணி வருமா?"

"இந்தா புள்ள, செவுரு அளவுக்கு ஒரு மொகம். அந்த மொகத்துல தண்ணி எறங்கி வருது. எதுருல உக்காந்திருக்கறவனுக்கு வராதா?"

அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாட்களில் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் தம்ளர் வைக்கிற சத்தமும் பெரிதாகக் கேட்டன. இதே மலையில் பைல் நாட்டுப் பக்கத்தில் அண்ணனுக்கு முதலில் பெண் பார்த்ததாகவும், ஏதோ காரணத்தால் நின்றுபோனதாகவும் அக்கா என்னிடம் சொன்னார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒருநாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மருந்து வாங்க நின்ற வரிசையில் கடைசியாக நின்று, எல்லாரும் போனபிறகு ஜன்னலருகே வந்தார்.

"என்னண்ணா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க அம்மிணி. அவகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லோணும். பெருசாத் தெரிஞ்சுது, அதனால வந்துருச்சு. அவ்வளவுதான்."

எனக்கும் உள்ளுக்குள் தெரிந்துகொள்ளும் ஆசை அரித்துக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "நெசமாவே யாருமில்லையாண்ணா?"

"நீங்களுமா?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் பேசிப் பார்த்தேன். பெரிய திரையில் எதுவும் கூடுதலாகத்தான் தெரியும், வீட்டில் முதுகைக் காட்டியே பழகினவருக்கு இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்றெல்லாம் விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டார். "செரி, அந்தப் படம் டிவில எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதம் கழித்து வந்தது. அதற்குள் கோபம் பாதி வடிந்திருந்தது. எலுமிச்சம்பழம் கொடுக்காத அக்கா, அண்ணனுக்கு இருமல் வந்த ஒருநாள் அவர் கேட்காமலே மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படத்தைப் போட்டேன். அண்ணன் எப்போதும்போல வாசற்படியில், வெளியே பார்த்தபடி முறத்தோடு உட்கார்ந்தார். அந்தப் பருவத்தின் கடைசிப் பறிப்பு அது.

கார் கிளம்பும் இடம் நெருங்க நெருங்க அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டக்டரின் முகம் வந்தது, கண்ணீர் இறங்கியது, வயலின் கதறியது. அக்கா அண்ணனின் முதுகையே பார்த்தார். முதுகு அசையவில்லை. மிளகு உதிரும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நடுவில், "ஏ, ஏ, போ" என்று ஒரு கோழியைத் துரத்தினார். அவ்வளவுதான்.

அக்கா பெருமூச்சு விட்டுத் திரையைப் பார்த்தார். தியேட்டரில் கணவரை முறைத்துக்கொண்டிருந்ததால் அதற்கப்புறம் வருவதை அவர் பார்க்கவே இல்லை. கண்டக்டர் வார்டுக்குள் திரும்பி வருகிறார். படுத்திருக்கும் மனைவி கண்ணைத் திறந்து கேட்கிறாள். "யாருங்க அந்தம்மா? தினமும் டீ குடுத்தாங்களே. நம்ம வீட்டுக்கு ஒருநாள் வரச் சொல்லியிருக்கலாம்ல?" அவர் அவளுடைய போர்வையைச் சரிசெய்கிறார். படம் முடிகிறது.

அக்கா அழத் தொடங்கினார். சத்தமாகவே அழுதார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு அண்ணன் முறத்தைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அவர் டிவி பக்கம் திரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் டிவியைப் பார்க்கவில்லை.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"அவளுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குதுங்க. படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்திருக்கறா."

அண்ணன் முறத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ யார நெனச்சு அழுவற?"

அக்கா கையில் கிடைத்த மிளகுக் காம்புகளை அள்ளி அவர் மேல் எறிந்தார். அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். முதல்முறை பார்த்தபோது அந்தக் கடைசிக் காட்சி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இந்தமுறை எனக்கும் கண் கலங்கியது. வயலின் பற்றிச் சொன்னதை மட்டும் நான் திரும்பப் பெறமாட்டேன்.

அதற்குப் பிறகு பைல் நாட்டுப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. ஆனால் அண்ணனுக்குத் தியேட்டர் ஆசை வந்துவிட்டது. போன மாதம் நான் ஆத்தூர் போயிருந்தபோது, இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் ராசிபுரம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஏதோ கடலில் நடக்கிற படமாம். நான் திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஆளுக்கொரு பக்கமாகக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"படகு கவுந்து போச்சுங்க அம்மிணி. பெரிய அலை. தியேட்டரே நனைஞ்சுரும்னு நெனச்சேன். அவன் செத்துட்டான்."

"சாவுல கண்ணு. கடைசில அவம் பேசற சத்தம் கேட்டுது."

"நீ கண்ணையே தொறக்கல. பயந்துக்கிட்டு என் சட்டையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

"கண்ணு மூடுனா காது கேக்காதாங்க?"

எனக்கு டீ வைத்துக் கொடுத்தார்கள். மரத்திலேயே பழுத்த பலாவை அறுத்து வைத்தார்கள். நான் சுளையைத் தின்றுகொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகுக்காரன் செத்தானா பிழைத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.